சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

தையல்கார அம்மாவின் மகளை எல்லோரும் ‘பட்டாசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் ஓயமாட்டாள். அப்படிப்பட்டவளைப் பிடித்து, அன்று மயங்கிக் கிடக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குத் தேர்வு; தேர்வாளர் ஒருவர் குறிப்பேட்டோடு வந்திருந்தார். பள்ளி மைதானத்தில் ஒரு பீப்பாய். அதிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகியது. அதுதான் விஷமாம். பக்கத்தில் பட்டாசு கண்ணை மூடிக் கிடந்தாள். குழு அவளைக் காப்பாற்ற வேண்டும். தேறாவிட்டால் ரசாயன விபத்துகளுக்கு இவர்கள் போகவே முடியாது. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்.

குழுவில் அம்மாவும் உண்டு. ஆறு மாதமாக விடுமுறை நாளெல்லாம் பயிற்சிதான். தலைவர், ரொட்டிக்கடைக்காரர்.

முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார்கள். தூரத்தில் நின்றே பீப்பாயில் ஒட்டியிருந்த சீட்டைத் தொலைநோக்கியில் படித்தார்கள். பிறகு அம்மாவும் தலைவரும் காப்பு உடையோடு வந்து, அவளைத் தூக்கிப்போய்ச் சிவப்புக் கோட்டருகே கிடத்தினார்கள். விஷத்தைத் தொட்டவர்கள் யாரானாலும், அங்கே குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே கோட்டைத் தாண்ட வேண்டும்.

காலைக் குளிரில் பட்டாசு வெடவெடவென்று நடுங்கினாள். ரொட்டிக்கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“சளி பிடிச்சுக்கும். நீ அந்தப் பக்கம் போயிடும்மா,” என்றார் மெதுவாக.

பட்டாசு கண்ணைத் திறந்தாள். “என்னைக் கழுவவே இல்லையே மாமா.”

“ஒத்திகைதானே கண்ணு. கழுவினதா நெனச்சுக்கலாம்.”

“அப்ப காப்பாத்தினதாவும் நெனச்சுக்கலாமா?”

சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“தேர்வாளர் பாக்கறாரு. எந்திரி,” என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

“பாக்கட்டும். கழுவாம நகர மாட்டேன்.”

அம்மா முறைத்தாள். பட்டாசுக்கு உள்ளுக்குள் பயம்தான். குழு தோற்றால் பழி தன் தலையில்தான் விழும். ஆனாலும் அசைந்து கொடுக்கவில்லை.

“அம்மா, நெஜமாவே என்மேல விஷம் பட்டிருந்தா இப்படியேவா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ? தம்பி ஓடி வந்து என் கையப் பிடிப்பானே.”

அம்மா குழாயைக் கையில் எடுத்தாள்.

தலையிலிருந்து கால்வரை ஜில்லென்று கொட்டியது. பட்டாசின் பற்கள் கிடுகிடுத்தன. நன்றாகக் கழுவி முடித்த பிறகுதான் கோட்டைத் தாண்டித் துண்டை வாங்கிக்கொண்டாள்.

தேர்வாளர் குறிப்பேட்டை மூடினார். “இந்தப் பொண்ணை அப்படியே அனுப்பியிருந்தா அங்கேயே ஃபெயில் போட்டிருப்பேன். பொழைச்சீங்க. பாஸ்.”

சிரித்துக்கொண்டே வேகமாகப் போய், ரொட்டிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சார்,” என்றாள் பட்டாசு. “மாமாவை இன்னும் கழுவல. நீங்க கோட்டையும் தாண்டிட்டீங்க.”

தேர்வாளர் குனிந்து தன் பளபளப்பான காலணிகளைப் பார்த்தார். கோடு அவருக்குப் பின்னால் இருந்தது.

“அதான் தேர்வு முடிஞ்சிடுச்சேம்மா,” என்றார்.

அம்மா குழாயை அவர் பக்கம் திருப்பினாள்.