ஆற்றில் விட்ட மாதா

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். ரஷ்யாவின் பெட்ரோகிராடில் அந்த வருஷம் பத்தும் பறந்துபோய், பசி மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால்தான் ஓவியர் பிளாத்தோன் ஆள் அனுப்பியதும், என்ன படம் ஏதென்று கேட்காமல், பிள்ளை மகாரைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு அந்தப் பழைய வீட்டின் மாடியேறினாள் உஸ்தீன்யா. அவர் வரைய உட்கார்ந்தால் ரொட்டி. தின்றால் பால் ஊறும். பால் ஊறினால் பிள்ளை பிழைப்பான். புருஷன் போரில் செத்துப்போனான். மகாரை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

மாடியில் இரும்பு அடுப்பு புகைந்தது. பிளாத்தோன் முட்டையின் மஞ்சளை வர்ணத்தில் கலக்கிக்கொண்டிருந்தார். தின்ன வேண்டிய முட்டையை இந்த மனுஷன் என்ன பண்ணுகிறார் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உக்காரும்மா. பிள்ளையை மடியில வை. மாதா படந்தான், ஆனா பழைய மாதா இல்ல. தலைக்குப் பின்னாடி தங்க வட்டம் கிடையாது. உன் செவப்புத் துணி, பின்னால ஆலைப் புகைபோக்கி, அவ்வளவுதான்."

"மாதாவுக்குப் புகைபோக்கியா? நல்ல கூத்து போங்க!"

"அவளும் இப்ப ரொட்டி வரிசையில நிக்கறவதானே?"

உஸ்தீன்யா சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

படம் வரைய வைத்திருந்த மரப்பலகையை அவர் திருப்பினார். அதன் முதுகில் இரண்டு குறுக்குச் சட்டங்கள். மரமெங்கும் நீர் ஊறிய கறை. அவள் சிரிப்பு அப்படியே செத்தது.

"இது சாமிப் படம் எழுதுற பலகையாச்சே. ஏது ஐயா?"

"நேவா ஆத்துல பனி உடைஞ்சப்ப கரை ஒதுங்குச்சு. படம் வரையத் துணி எங்க கிடைக்குது? மாதா முகம் அழிஞ்சு போயிருந்தது. பிள்ளை இருந்த இடத்தை எவனோ கோடாலியால கொத்தியிருந்தான். குழியைச் சுண்ணம் வச்சு நிரவிட்டேன்."

அவள் மகாரை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் ஊரில், சிதைந்துபோன மாதாவை எரிக்க மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். கும்பிட்டு ஆற்றில் விடுவார்கள். கரை ஒதுங்கினால் மறுபடி தள்ளி விடுவார்களே தவிர, ஒருவரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

"பிள்ளையைப் பறிகொடுத்தவளையா வீட்டுக்குக் கூட்டி வந்தீங்க?"

"சுத்தப் பட்டிக்காடு நீ!" என்று சிரித்து, அரை ரொட்டியை அவள் கையில் வைத்தார்.

ரொட்டியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

தினமும் போனாள். பால் ஊறியது. ஆனால் மகார் வாய் வைக்க மறுத்தான். பிள்ளை நாளுக்கு நாள் தேய்ந்தான்; பலகையில் இருந்தவனுக்கோ கன்னம் உப்பியது. "அம்மா சொல்லுடா, அம்மா" என்று மாதக்கணக்காய்க் கெஞ்சிக்கொண்டிருந்தவள், இப்போது அவன் அழுதால் போதும் என்றிருந்தாள். அவன் அழவும் இல்லை.

பிளாத்தோனும் கேலியை நிறுத்திவிட்டார்.

"பிள்ளை கண்ணை மூடியிருக்கறாப்பலதான் நான் வரைஞ்சேன், உஸ்தீன்யா," என்றார் ஒருநாள்.

பலகையில் பிள்ளையின் கண்கள் திறந்திருந்தன.

அறையில் மெழுகு உருகும் வாடை. மெழுகுவர்த்தி ஒன்றுகூட இல்லை.

பலகையின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பிள்ளையின் தலையருகே எழுத்துகளைக் கண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரிந்த பெயர்கள் இரண்டே, தன்னுடையதும் மகனுடையதும். பெயர் எழுதும்வரை அது வெறும் மரம், எழுதிவிட்டால் பெயருக்குரியவர் வந்து அமர்ந்துவிடுவார் என்பது அவள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஏசுவின் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'மகார்' என்று இருந்தது.

"பேரை எழுதினீங்களா?"

"ஒரு புதுமைக்கு..."

"அடப்பாவி மனுஷா! பிள்ளை இல்லாதவ மடியில என் பிள்ளையை வச்சு, பேரும் எழுதிக் குடுத்துட்டீங்களே!"

மகாரின் மூச்சு நூலாய் இழுத்தது. அவனைத் தரையில் கிடத்தி, வர்ணம் சுரண்டும் கத்தியை எடுத்தாள். பிளாத்தோன் தடுக்கவில்லை. தானே பலகையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்றார்.

பெயரைச் சுரண்டினாள். பிறகு முகத்தை. பெற்ற பிள்ளையின் முகத்தைத் தன் கையாலேயே சுரண்டினாள். வர்ணம் போய்ச் சுண்ணம் உதிர்ந்தது. சுண்ணத்துக்கடியில் கோடாலிக் குழி.

மகார் வீறிட்டு அழுதான்.

பலகையை ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். உஸ்தீன்யா மண்டியிட்டாள்.

"மன்னிச்சுக்கோ தாயே. உன் வலி எனக்குத் தெரியும். ஆனா இவன் என் பிள்ளை. நீ போயிடும்மா, போயிடு."

சிவப்புத் துணியும் உஸ்தீன்யாவின் சாயலுமாய், வெறும் மடியோடு, மாதா மிதந்து போனாள்.

வெளிச்சம் இருக்கும்போதே உஸ்தீன்யா தன் மூன்றாம் மாடி அறைக்கு வந்துவிட்டாள். மகார் ஆவலாய்ப் பால் குடித்தான். கன்னத்தில் ரத்தம் ஏறியது. அவள் அழுதாள், சிரித்தாள், அவன் பாதங்களில் மாறி மாறி முத்தமிட்டாள். தூங்கி விழித்தவன் உதட்டைக் குவித்து ஏதோ சொல்ல முயன்றான்.

"சொல்லுடா ராசா. அம்மா. சொல்லு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. கைப்பிடியிலிருந்து திமிறி, இரு கைகளையும் சன்னல் பக்கம் நீட்டினான்.

"அம்மா," என்றான்.

சன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் யாரோ மூச்சுவிட்டதுபோல் ஆவி படிந்தது. அது கலைவதற்குள் இன்னொரு மூச்சு.