மூச்சு முட்டவில்லை

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆனால் புகைபோக்கி புகையை மேலே இழுக்கவில்லை. நாரின் என்னும் மலையாற்றின் கரையில் குளிர்காலம் முழுக்க அதன் ஓயாத உறுமலைக் கேட்டபடி தூங்கிப் பழகியவள் பெர்மெட். மருத்துவ நிலையத்தில் பகலெல்லாம் இருமல்காரர்களின் நெஞ்சைச் சோதித்துவிட்டு வந்து, தங்கை தினாரா நீட்டிய பால்தேநீரைக் குடித்துச் சற்றே கண்ணயர்ந்தவள், அந்த உறுமல் நின்றுபோனதால்தான் விழித்தாள். ஜன்னலில் சாயங்காலம் நீலமாக நின்றது. நிலக்கரியின் மணம் லேசாக இருந்தது. கூரையிலிருந்து பனி எங்கோ சரிந்து விழுந்தது.

"தினாரா."

மாட்டுக்கொட்டகைக்குப் போயிருப்பாள். புருஷனை இழந்து, ஒரு வருஷத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் இங்கே வந்தவள். வீட்டு வேலை எல்லாம் அவள் கையில்தான். பெர்மெட்டின் கணவன் குபாத் சரக்கு லாரியோடு கணவாய்க்குப் போயிருந்தான்.

நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. வாயில் குமட்டல். ஆனால் மூச்சு தாராளமாக வந்தது, போனது. அந்தத் தாராளம்தான் அவளைப் பயமுறுத்தியது.

போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுத் தம்பதி அடுப்புப் புகையில் செத்துக் கிடந்தபோது, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தினாரா கேட்டிருந்தாள்.

"வலிச்சிருக்குமா அக்கா?"

"இல்லடி. கரியமில வாயு உள்ள தேங்குனாத்தான் மூச்சு முட்டும், உடம்பு அலறி எழுப்பிவிடும். அது பாட்டுக்கு வெளிய போயிட்டிருந்தா, உடம்பு எல்லாம் சரின்னு நம்பிக்கும்."

"அப்ப எப்படிச் சாவு?"

"ரத்தம் ஏமாந்துரும். மூடின அடுப்புல இருந்து வாசனையே இல்லாத ஒரு விஷக்காத்து வரும். ஆக்சிஜனைத் தள்ளிட்டு அதைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கும். அதான் கன்னம் கல்யாணப்பொண்ணு மாதிரி செவந்து கிடந்துச்சு."

பெர்மெட் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கன்னம் சிவந்திருந்தது.

புகைபோக்கியை அடைக்கும் தகடு முழுக்க உள்ளே தள்ளப்பட்டிருந்தது. கரி கனன்றுகொண்டிருக்கும்போது அதை மூடக் கூடாதென்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எழுந்தாள். கால்கள் அவளுடையவையாக இல்லை. தகட்டின் கைப்பிடியைத் தேடினாள். கழற்றப்பட்டிருந்தது. விளிம்பை நகத்தால் பிடித்து இழுத்தாள். விரல் பொசுங்கியது. தகடு அசையவில்லை.

தேநீர்க் கெண்டியை ஜன்னலை நோக்கி எறிந்தாள். உள்கண்ணாடி உடைந்தது. குளிருக்காகப் போட்ட வெளிக்கண்ணாடி அப்படியே நின்றது. இரண்டாம் முறை எறியக் கை எழவில்லை.

தவழ்ந்தாள். தரை சாய்ந்தது. வாசல்.

கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது.

சாவித் துவாரத்தில் வாயைப் பதித்தாள். ஊசி போலக் குளிர்காற்று. உறிஞ்சினாள். இன்னொரு முறை. இன்னும். கண்ணுக்கு முன்னால் இருட்டு கொஞ்சம் விலகியது.

வெளியே யாரோ இருமினார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்ட புகையிலை இருமல். கணவாயில் இருக்க வேண்டிய இருமல்.

"எழுந்துட்டாளா?" குபாத் தணிந்த குரலில் கேட்டான்.

பனியை மிதித்து ஒரு காலடி கதவருகே வந்தது. துவாரத்துக்கு மிக அருகில் தினாராவின் குரல். போர்வையை இழுத்துப் போர்த்திவிடும்போது பேசுகிற அதே கனிவு.

"தூங்கலையா அக்கா? போய்ப் படுத்துக்கோ. வலிக்காதுன்னு நீதானே சொன்ன."

பெர்மெட் வாயை எடுக்கவில்லை. உறிஞ்சினாள். காற்று வந்தது. பிறகு மெல்லிதாயிற்று.

உதட்டில் ஏதோ மெத்தென்று பட்டது. ஆட்டு ரோமம். சிறிது சிறிதாக, பொறுமையாக, அதைத் துவாரத்துக்குள் திணித்துக்கொண்டே வந்தது, மறுபக்கத்திலிருந்து ஒரு சுண்டுவிரல்.