குடில் புத்தகத்தைக் காணோம்

2020 ஏப்ரல் 8, புதன்கிழமை. காலை 10.40.

வெள்ளிக் கோப்பை அலமாரியில் இருந்தது. முக்கால் புட்டி சாராயம் அதன் பக்கத்திலேயே இருந்தது. கொக்கியில் நல்ல கம்பளிச் சட்டை, ஜன்னலோரம் புது ரேடியோ, எல்லாம் வைத்தது வைத்தபடி. ஐம்பத்தொன்பது வருஷமாக மேசைமேல் கிடந்த குடில் புத்தகத்தை மட்டும் காணோம்.

"நான் எடுக்கல" என்றான் ஈலிஃப்.

"நீ எடுத்தேன்னு நான் சொல்லலையே" என்றாள் யோருன்.

அவன் முற்றத்தில் நின்றான். அவள் வாசற்படியில் நின்றாள். நடுவில் இரண்டு பனிச்சறுக்குக் கோல் நீளம் இடைவெளி. ஸ்கார்டால் பள்ளத்தாக்குக்கு இப்போது யோருன் ஒருத்திதான் போலீஸ். கூட வேலை பார்ப்பவர் வெளிநாடு போய்வந்த குற்றத்துக்காகத் தன் வீட்டு மாடியில் அடைந்து கிடந்தார்.

கொரோனா பரவாமலிருக்க, மலையிலுள்ள விடுமுறைக் குடில்களில் எவரும் ராத்தங்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஈஸ்டருக்கு மலையேறாத நார்வேக்காரனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? ஆஸ்லோவில் அத்தனை பேரும் குட்டி போட்ட பூனையாக அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்த வாரம் ஊரே துப்பறியும் கதை படிக்கும். யோருனும் நாலு புத்தகம் வாங்கி வைத்திருந்தாள். ஒன்றைத் திறப்பதற்குள் திருட்டு நேரிலேயே வந்துவிட்டது.

காணாமற்போன புத்தகம் லின்ஸ்தா குடும்பத்தினுடையது, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது. யார் வந்தார், என்ன குளிர், பனிச்சறுக்குக் கட்டைக்கு எந்த மெழுகு, யார் எங்கே விழுந்தார் என்று எல்லாம் அதில் ஏறும். எழுதாமல் குடிலைப் பூட்டிக்கொண்டு போகிறவனை இந்த மலையில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை. அந்த வீட்டு மகள் ஹெட்டா, பெர்கனில் நர்ஸ், ஊர் ஏக்கம் தாங்காமல் ஈலிஃபுக்குப் போன் செய்து, "போன ஈஸ்டருக்கு அம்மா எழுதினதை வாசிச்சுக் காட்டு" என்று கேட்டிருக்கிறாள். அம்மா இப்போது இல்லை. ஈலிஃப் போய்க் கதவைத் திறந்தால் புத்தகம் இல்லை. ஹெட்டா அண்ணனிடம் சொல்ல, அண்ணன் பிரேபென் கால்மணி நேரத்தில் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்.

பிரேபென் குடில்காரர் சங்கத் தலைவர். ஈலிஃபிடம் முப்பத்தொரு குடில்களின் சாவி இருந்தது. கூரைப் பனி தள்ளுவது, குழாய் உறையாமல் பார்ப்பது, பதினொரு வருஷமாக அதுதான் அவன் பிழைப்பு. நாளை மாலை ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம், கணினித் திரையில். ஒரே தீர்மானம்: சாவிகளைத் திரும்ப வாங்குவது. திருடன் என்ற பேரோடு சாவி போனால் இந்தப் பள்ளத்தாக்கில் அவனுக்கு வேறு யாரும் வேலை தரப்போவதில்லை.

"கடைசியா எப்ப உள்ள வந்த?"

"வெள்ளிக்கிழமை. கூரையைத் தள்ளிட்டு, ஒழுகுதான்னு எட்டிப் பாத்தேன். புத்தகம் மேசையிலதான் இருந்துது."

"அடுப்புல விறகு அடுக்கினது?"

"நான் அவங்க அடுப்பைத் தொடுறதே இல்ல."

யோருன் உள்ளே நடந்தாள். அடுப்புக்குள் பிர்ச் மரப்பட்டைச் சுருள், அதன்மேல் சன்ன விறகு, மேலே பெரிய விறகு. அடுத்து வருகிறவர் தீக்குச்சி கிழித்தால் போதும். கழுவிய கோப்பை ஒன்று துணிமேல் கவிழ்த்திருந்தது. மெத்தைகள் நாலும் எலிக்குப் பயந்து சுவரோரம் நிமிர்ந்து நின்றன, மேலே தூசி. மேசையில் மைப்பேனா. மூடி தனியே கிடந்தது. அவள் இரண்டையும் உறையில் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்து படியில் கையூன்றியபோது கையுறை ஒட்டிக்கொண்டது. சிவப்பாக ஏதோ பிசின்.

"பசைமெழுகு" என்றான் ஈலிஃப். "ஈரப்பனிக்குக் கட்டையில பூசுறது. வெள்ளிக்கிழமை இந்தப் படியையும்தான் பெருக்கினேன். அப்ப இல்ல."

"இந்தப் பனியில எங்கடா ஈரம்? இரும்பு மாதிரி கெடக்கு."

"ஞாயித்துக்கிழமை உருகுச்சே. இந்த வாரத்துல அந்த ஒரு நாள்தான்."

குருத்தோலை ஞாயிறு. அன்று காலை முதல் இருட்டும் வரை இரண்டு பேரும் ஊர் பாண்டு வாத்தியத்தோடு முதியோர் இல்ல ஜன்னலடியிலும், பிறகு வீடு வீடாகவும் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"நீ அன்னிக்கு முழுக்க என் பக்கத்துலதான் இருந்த" என்றாள்.

"ரெண்டு மீட்டர் தள்ளி" என்றான் அவன். "நீ தப்பா ஊதினதெல்லாம் நல்லாவே கேட்டுது."

அவளுக்கு அது போதும். பிரேபெனுக்குப் போதாது. பாண்டுக் கூட்டாளியின் சாட்சியை அவர் தூக்கிப் போட்டுவிடுவார்.

விறகுக் கொட்டகையைச் சுற்றி வந்தாள். இறவாணத்துக்கு உள்பக்கம் ஓர் ஆணியில் சாவி தொங்கியது. பழைய சிலந்திவலை அறுந்து அதன்மேல் ஊசலாடியது.

ஈலிஃப் வாயைப் பிளந்தான். "பதினொரு வருஷமா இதை நான் பாத்ததே இல்ல."

பகல் 1.15. பிரேபென், ஆஸ்லோவிலிருந்து தொலைபேசியில்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? மொத்தம் நாலு சாவி. ஒண்ணு ஹெட்டாகிட்ட, ஒண்ணு அவன்கிட்ட, ரெண்டு என்கிட்ட. பூட்டு உடையல. வேலியே பயிரை மேஞ்சிருக்கு."

"உங்ககிட்ட எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு அப்பாவோடது. மார்ச் மாசமே வாங்கி வச்சுட்டேன். எழுபத்தொம்பது வயசு, வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லியாச்சு. சாமானை நானே படியில வச்சுட்டு வந்துடுறேன். ஒரு விஷயம், அவர்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. புத்தகம் போச்சுன்னு தெரிஞ்சா அவர் நெஞ்சு தாங்காது."

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?"

"என்னையா கேக்குறீங்க?"

"எல்லாரையும்தான்."

"வீட்டுல. பிள்ளைங்க குடிலு குடிலுன்னு உசிரை வாங்குச்சுங்க. பால்கனியில கூடாரம் போட்டு, சட்டியில தீ மூட்டினேன். பக்கத்து வீட்டுக்காரங்க தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுட்டாங்க."

சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "உங்க கட்டைக்கு என்ன மெழுகு பூசுவீங்க?"

"மெழுகா? இந்தக் காலத்துலயா? அடியில ரோமப்பட்டை வச்ச கட்டை வந்தாச்சு. ஹெட்டாவுக்கும் அதையே கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தேன்."

தீயணைப்புக்காரர்கள் உறுதி செய்தார்கள். தொலைபேசியில் அவர்களும் சிரித்தார்கள்.

மாலை 4.05. ஹெட்டா, வேலை இடைவேளையில்.

"ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வார்டுலதான். முகக்கவசம் பதிஞ்ச தழும்பு இன்னும் போகல. ஈலிஃப் எடுத்திருக்க மாட்டான். அண்ணன் சொன்னா யாரு எதிர்த்துப் பேசுறது?"

"அப்பா எப்படி இருக்கார்?"

"தினமும் ஆறு மணிக்குத் திரையில முகத்தைக் காட்டணும். எங்க அண்ணன் போட்ட சட்டம். பாவம், அழுது வடியுற முகம். ஞாயித்துக்கிழமை மட்டும் கன்னமெல்லாம் செவந்து ஜோரா இருந்தார். ஜன்னல்ல வெயில் காஞ்சாராம். பேட்டரி செத்துடக் கூடாதுன்னு வாரம் ஒரு தரம் காரை ஓட்டி வைக்கிறார், அதான் அவருக்கு இப்ப உல்லாசப் பயணம்."

வியாழன், மாலை 4.30.

ஈலிஃப் யோருன் வீட்டு முற்றத்துக்கு வந்தான். சாவிவளையத்தைப் பனிமேல் வைத்துவிட்டு இரண்டு கோல் தூரம் பின்வாங்கினான்.

"முப்பத்தொண்ணும் இருக்கு. ஆறு மணிக்கு அவங்க பிடுங்கறதுக்குள்ள நானே குடுத்துடுறேன்."

"எடுத்துட்டுப் போ. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."

"என்ன கிடைச்சுது உனக்கு?"

"ஒரு பேனா" என்றாள் சலிப்போடு. அவளுக்கு எல்லாமே சலித்திருந்தது. நீச்சல்குளம் மூடியிருந்தது. பெற்ற மகளை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. இப்போது சிறு வயது முதல் தெரிந்த ஒருவன் கண்ணெதிரே தலைகுனிந்து நிற்கிறான், தோளில் ஒரு தட்டு தட்டக்கூட முடியவில்லை. "சரி, போயிட்டு வா" என்று சொன்னவள் கையை நீட்டிவிட்டாள். அவனும் ஓரடி முன்னால் வந்து நீட்டிவிட்டான். இரண்டு பேரும் நெருப்பைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டார்கள்.

"நாலு வாரம் ஆச்சு, இன்னும் கை தானா நீளுது" என்றான் ஈலிஃப்.

யோருன் அப்படியே நின்றாள். கை தானாக நீண்டிருக்கிறது. மூடி திறந்த பேனா ஏன் கிடந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது.

மாலை 5.10. ஆஸ்லோவுக்கு ஒரே ஒரு அழைப்பு. நாலு நிமிஷம் பேசினாள்.

மாலை 6.00.

திரையில் பத்தொன்பது கட்டங்கள். ஒன்றில் முகத்துக்குப் பதில் பூனை வால். ஈலிஃப் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரேபென் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் யோருன் குரல் கொடுத்தாள்.

"எனக்கு மூணு நிமிஷம் வேணும். இந்தத் திருடர் கோப்பையைக் கழுவிக் கவுத்துட்டு, அடுத்து வர்றவங்களுக்கு அடுப்புல விறகு அடுக்கிட்டுப் போயிருக்கார். வெள்ளியைத் தொடல. சாராயத்தையும் தொடல."

"ஈலிஃபுக்கும் விறகு அடுக்கத் தெரியும்" என்றார் பிரேபென்.

"தெரியும். ஒண்ணு கேக்குறேன். புத்தகத்தைத் திருட வந்தவர் பேனாவை எதுக்குத் திறந்தார்?"

பூனை வால்கூட நின்றது.

"எழுதத்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்லுவாங்க இல்ல? கிளம்புற நேரத்துல கை தானா எழுதிடுச்சு. தேதி, குளிர், மெழுகு, கீழ பேரு. மை காஞ்சப்புறம்தான் தான் வரக் கூடாத ஆளுன்னு நினைப்பு வந்திருக்கு. கிழிக்கலாமா? பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கு, கிழிச்சா தெரிஞ்சுடும். கோடு போட்டு அடிச்சாலும் படிச்சுடுவாங்க. அதனால புத்தகத்தையே தூக்கிட்டுப் போயிட்டார். ஹெட்டா, பதினொரு வருஷத்துல ஈலிஃப் அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்கான்?"

"ஒரு வரிகூட இல்ல" என்றாள் ஹெட்டா. "எழுதுன்னு சொன்னாலும் எழுத மாட்டான். நான் விருந்தாளி இல்லையேம்பான்."

"அப்ப இது விருந்தாளி கை. படியில பசைமெழுகு இருந்துது, அதனால ஞாயித்துக்கிழமை. பிரேபென், உங்க கட்டைக்கும் ஹெட்டா கட்டைக்கும் மெழுகே கிடையாது. வந்தவர் இன்னும் பழைய கட்டையில போறவர். நீங்க சொன்ன நாலு சாவியும் அவருக்குத் தேவைப்படல. அஞ்சாவது ஒண்ணு விறகுக் கொட்டகையில தொங்குது. அது உங்களுக்குத் தெரியாது, ஈலிஃபுக்கும் தெரியாது. ஆணி அடிச்சவருக்குத்தான் தெரியும்."

பிரேபென் தீர்மானத் தாளைக் கீழே வைத்தார். "குடிலைக் கட்டினது அப்பா."

"ஆமா. நீங்க என்னை விசாரிக்கவே விடாத ஒரே ஆள்."

இருபதாவது கட்டம் திறந்தது. நெற்றியும் கூரையும் மட்டும் தெரிந்தன.

"அப்பா, அதைக் கொஞ்சம் கீழ சாயுங்க" என்றாள் ஹெட்டா.

கட்டம் ஆடி நின்றது. ஓஸ்முண் லின்ஸ்தா தோல் உரிந்த மூக்கோடு தோன்றினார். மார்போடு சாம்பல் நிற அட்டை போட்ட தடித்த புத்தகம்.

"காரை ஓட்டி வைக்கத்தான் கிளம்பினேன்" என்றார். "அது பாட்டுக்கு மலைப்பக்கம் போயிடுச்சு. ராத்தங்கல. எவனையும் பாக்கல, எவனையும் தொடல. வீட்டுக்கு வந்து ஆறு மணிக்கு முகத்தையும் காட்டிட்டேன்."

"தடை ராத்தங்கறதுக்குத்தான்" என்றாள் யோருன். "மெத்தையெல்லாம் தூசியோட நின்னுது. பகல்ல காப்பி குடிச்சதுக்குச் சட்டத்துல தண்டனை இல்ல. சொந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போனதுக்கும் இல்ல."

"என்ன எழுதினீங்க?" என்றாள் ஹெட்டா.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "குருத்தோலை ஞாயிறு. பூஜ்யத்துக்கு மேல் நாலு டிகிரி. பசைமெழுகு. தனியாக வந்தேன். காப்பி, ஓர் ஆரஞ்சு. படியில் இரண்டு மணி நேரம் வெயில். நாலு வாரத்தில் முதல் தடவையாக என்னை எவரும் பார்த்துக்கொள்ளவில்லை. கூரைப் பனியை ஈலிஃப் அருமையாகத் தள்ளியிருக்கிறான். கோடையில் அவனைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைக்க வேண்டும்."

ஈலிஃப் திரையைப் பார்க்காமல் கழுத்துப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

ஓஸ்முண் கண்ணாடியைக் கழற்றினார். "பிரேபென், நீ கத்துவேன்னு பயந்துதான் தூக்கிட்டு வந்தேன். அந்தப் பையன் பேரு நாறுதுன்னு ஒருத்தரும் என்கிட்ட சொல்லல. என் நெஞ்சு தாங்காதுன்னு மறைச்சீங்களாம். இந்தப் போலீஸ் அம்மா நேத்து இல்ல, இன்னிக்குப் போன்ல சொல்லித்தான் தெரிஞ்சுது. அதுதான்டா என்னால தாங்க முடியல. இப்ப நீ அவன்கிட்ட என்ன சொல்லணுமோ அதைச் சொல்லு."

பிரேபெனின் உதடு ரொம்ப நேரம் அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைக் கூப்பாத குறை. சத்தம் மட்டும் வரவில்லை.

"அண்ணா, மைக்கை மூடி வச்சிருக்க" என்றாள் ஹெட்டா.

அவர் தடவித் தேடித் திறந்தார். "ஈலிஃப், நான் சொன்னது தப்பு. விசாரிக்காமப் பேசிட்டேன். மன்னிச்சுடு. சாவியெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்."

ஈலிஃப் காதருகே கையை வைத்தான். "கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

பிரேபென் மறுபடி சொன்னார், கொஞ்சம் உரக்க.

இரண்டு மீட்டர் தள்ளி நின்று தன் ஒவ்வொரு தப்பு சுரத்தையும் எண்ணியவனின் காதைப் பற்றி யோருனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் சரியாக் கேக்கல" என்றான் ஈலிஃப்.

மூன்றாம் தடவை பிரேபென் கத்தியே சொன்னார். இருபது கட்டங்களிலும் கேட்டது.