மாவுக்குள் புதைத்த கை

இவள் ஏன் இரண்டு நாளாக வலது கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருக்கிறாள்? கேட்டால் சிரித்துவிடுவாள்... அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

செனைதா சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு மகள் லிஸ்பெத்தைப் பார்த்தாள். ஒன்பது வயது. மேசையில் லிஸ்பெத்தின் அப்பா ஃபிதென்சியோவும் சித்தப்பா எலாதியோவும் கறுப்பு பீன்ஸோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் எழும்வரை அடுப்பிலிருக்கும் மண்கல்லிலிருந்து ரொட்டி சூடாக வந்துகொண்டே இருக்க வேண்டும். சுடுகிறவள் நின்றுகொண்டேதான் இருப்பாள்; கிழிந்ததும் கருகியதும் அவளுக்கு.

மகளை அருகே இழுத்துச் சால்வையை விலக்கினாள். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். ஒன்று உடைந்து சீழ் வைத்திருந்தது.

எட்டிப் பார்த்த மாமியார் ஒர்த்தென்சியா, பெற்ற பிள்ளையின் கை வெந்தது தெரியாமல் இவள் என்ன தாய் என்று மேசைக்குக் கேட்கும்படி சொன்னாள். செனைதா மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

லிஸ்பெத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "கல்லு சுட்டப்ப அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரும்மா. உன் கையச் சுட்டப்ப நீயும் சொல்லலையே? மாவுக்குள்ள கையப் பொதச்சுக்கிட்டு என்னப் பாத்துச் சிரிச்ச. நானும் அப்படியே செஞ்சேன்... நீகூடக் கண்டுபிடிக்கல."

கடைசி வார்த்தைகளில் பெருமை இருந்தது. செனைதாவால் தாங்க முடியாமல் போனது அதுதான். சண்டைச் சத்தம் காதில் விழாமல் பிள்ளை வளரட்டும் என்றுதானே இத்தனை வருடம் எல்லாவற்றையும் விழுங்கினாள்? அந்த விழுங்கலையே பிள்ளை பாடமாகப் படித்திருக்கிறாள்.

ஒர்த்தென்சியா தன் முன்கையிலிருந்த வெளிறிய பழைய தழும்பின்மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, பேத்தியின் விரல்களை மெல்லப் பிரித்து, ஈரத்துணியைச் சுற்றினாள்.

"என்ன அண்ணி, அடுத்த ரொட்டி அவ்வளவு தூரத்து வஹாக்கா டவுன்லேர்ந்தா வருது?" என்றான் எலாதியோ.

செனைதா எழுந்தாள். இப்போதே மருத்துவரிடம் கூட்டிப்போவதாகக் கணவனிடம் சொன்னாள்.

"போ, வேணாங்கல," என்றான் ஃபிதென்சியோ, தட்டிலிருந்து நிமிராமல். "மிச்ச மாவச் சுட்டு வச்சுட்டுப் போ. ரெண்டு நாள் பொறுத்தவ, அரைமணி நேரம் பொறுக்க மாட்டாளா?"

லிஸ்பெத் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவசரமாக அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"சுட்டுக் குடும்மா. எனக்கு வலிக்கவே இல்ல." சிரித்தாள்.

செனைதா கல்லுக்கு அடியில் எரிந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துச் சாம்பலில் அமுக்கினாள். மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேங்க," என்றாள், குரலை உயர்த்தாமல்.