பெட்டி கற்ற வரிசை

ஐந்து நாள் மூட்டத்துக்குப் பிறகு, பிற்பகல் மூன்று மணிவாக்கில் மேகம் ஓரிடத்தில் விலகி, மொட்டைமாடியின் தென்மூலையில் கொஞ்சம் வெயில் விழுந்தது. ஜெனிட்டா மூன்று ஒளித்தகடுகளையும் ஒவ்வொன்றாக அங்கே இழுத்துப் போட்டாள். அவற்றின் மேல் உப்புப்பொடி படிந்திருந்தது. தூத்துக்குடியில் காற்றடித்தால் அது எதன் மேலும் படியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, படிக்கட்டின் மேல் நின்று கீழ்நோக்கிக் கத்தினாள்.

"என்னங்க, ஏறுதா?"

கீழிருந்து கணவர் கிளாட்வினின் குரல் வந்தது. ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகத்தான் அவரால் சொல்ல முடியும்.

"பதினாலுலயே... நிக்கு. நீ என்ன... வெயில முந்தானையில... முடிஞ்சி கொண்டாரப் போறியா?"

"பேசாம படுங்க. மூச்ச வீணாக்காதீங்க."

"பேசலன்னா... பேசலன்னு சொல்லுவ."

அவள் சிரித்துக்கொண்டே தகட்டைச் சாய்த்து அடியில் கல் வைத்தாள். மேகம் நகர்ந்தது. வெயிலும் நகர்ந்தது. தகடுகளை இழுத்துக்கொண்டு அவளும் நகர்ந்தாள். நாற்பது நிமிடம் அப்படியே போனது.

கரையோரத்தில் மின்கம்பங்களைப் பிடுங்கி அப்போது பன்னிரண்டு வருடமாகியிருந்தது. புயலுக்குப் புயல் கம்பம் நட்டுச் சலித்த அரசு, வீட்டுக்கொரு கதிர்ப்பெட்டி கொடுத்தது. சக்கரமும் கைப்பிடியும் வைத்த, பயணப்பெட்டி அளவுள்ள மின்கலம். பகலில் ஒளித்தகடுகளிலிருந்து நிரப்பிக்கொள்ளும். வீட்டில் எது ஓடினாலும் அதிலிருந்துதான் ஓட வேண்டும். வெயில் குறைந்தால் எதை முதலில் நிறுத்துவது? முதலில் வந்த பெட்டிகள் அதை வீட்டாரிடமே கேட்டன. எல்லோரும் எல்லாவற்றையும் அவசியம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு வந்த பெட்டிகள் கேட்பதை விட்டுவிட்டுக் கவனிக்கத் தொடங்கின. சார்ஜ் குறையும்போது வீட்டார் கை எந்தச் சுவிட்சைத் தேடிப் போகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்று மாதக்கணக்கில் பார்த்துத் தாமே ஒரு முந்துவரிசை போட்டுக்கொண்டன. தட்டுப்பாடு வந்தால் வரிசையில் கடைசியில் இருப்பதை முதலில் நிறுத்தும். வீடுகளில் விசிறிக்கும் டிவிக்கும் நடந்த சண்டைகள் ஓய்ந்தன. 'பெட்டிக்குத் தெரியும்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் ஜெனிட்டா மாடியில் நின்றாள். பதினாலு விழுக்காட்டில் ஃபிரிட்ஜ் நிற்கும், விசிறி நிற்கும். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் வெல்டிங் புகையை இழுத்த நுரையீரலுக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் காற்றூட்டி நிற்காது.

அவள் இறங்கி வந்தபோது ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. விசிறி சுழன்றது. முன்னறை மேசையில் அவளுடைய எழுத்துப் பெருக்கி, அவள் விட்டுப்போன பக்கத்தை எலுமிச்சம்பழ அளவு எழுத்துகளில் காட்டிக்கொண்டு எரிந்தது. பின்னறையில் காற்றூட்டி மட்டும் நின்றிருந்தது. மூக்கில் குழாயோடு கிளாட்வின் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு முதுகில் வைத்துப் பார்த்தாள்.

தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றார் மருத்துவர்.

அடுத்த ஒன்பது நாளும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்கும் பின்னறைக்குமாக நடந்தாள். நடுநடுவே நின்றபடியே இரண்டு புகார்க் கடிதங்கள் எழுதினாள்: பெட்டி பழுது, விசாரிக்கவும். பத்தாம் நாள் கதிர் நிலையத்திலிருந்து பேச்சிமுத்து வந்தார். நாற்பது வயதிருக்கும். பெட்டியில் ஒரு வடத்தைச் செருகி, கையிலிருந்த திரையை வெகுநேரம் பார்த்தார்.

"பழுது இல்லக்கா."

"மனுசன் செத்துக் கெடந்தாரு. பழுது இல்லங்குதீங்க?"

"மூச்சு மெஷினச் சிவப்புத் துளையிலதான மாட்டணும்? அதுக்கு சுவிட்சே கெடையாது. கடைசிச் சொட்டு வரைக்கும் கரண்டு போகும். அண்ணன் அதக் கழத்தி சாதா பிளக்குல மாட்டியிருக்காரு. எட்டு மாசமாச்சு."

"எதுக்கு?"

பேச்சிமுத்து தயங்கினார். "அணைக்கதுக்கு."

திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்தப் பொடி எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது.

"வாசிங்க, தம்பி."

"நாலு பத்து, காற்றூட்டி அணைப்பு. நாலு பதினொண்ணு, எழுத்துப் பெருக்கி இயக்கம். அஞ்சு அம்பது, எழுத்துப் பெருக்கி நிறுத்தம். அஞ்சு அம்பத்தொண்ணு, காற்றூட்டி இயக்கம். மறுநாள், நாலு எட்டு, காற்றூட்டி..."

"போதும்."

நாலு மணிக்கு அவள் வாசிக்க உட்காருவாள். சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கும் நாட்களில், 'இன்னிக்கு வேண்டாங்க' என்பாள். 'நீ வாசி... எனக்கு இப்பம் சுகமாத்தான் இருக்கு' என்று பின்னறையிலிருந்து பதில் வரும். காற்றூட்டியின் இரைச்சல் கேட்கவில்லையே என்று ஒருநாள் கேட்டாள். சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அவள் நம்பினாள். அந்த அமைதி வாசிப்பதற்கு வசதியாகவும் இருந்தது.

மின்சாரம் நின்றால் காற்றூட்டி கூவ வேண்டும். அதற்கான சின்ன மின்கலத்தைக் கழற்றித் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். பேச்சிமுத்து போன பிறகுதான் அது அவள் கையில் தட்டுப்பட்டது.

பெட்டியில் எந்தப் பிழையும் இல்லை. இந்த வீட்டில் எது முதலில், எது கடைசியில் என்று எட்டு மாதம் ஒரு கை அதற்குச் சொல்லிக்கொடுத்தது. அது கற்றுக்கொண்டது.

செய்தி தெருவில் பரவியது. பக்கத்து வீட்டுப் பாக்கியசெல்வி வந்தாள்.

"அக்கா, எங்க பெட்டி போட்ட வரிசைய நாங்களும் பாக்கலாமா?"

"பாக்காத."

"சும்மா, என்ன போட்டிருக்குன்னுதான்."

"சொல்லுதேன்லா, பாக்காத செல்வி."

அவள் பார்த்துவிட்டாள். மாமியாரின் அறை விசிறி, மீன்தொட்டி விளக்குக்கும் கீழே இருந்தது. மாமியாரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அப்பமே தெரியும்" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அவரவர் வரிசையைப் பார்த்துவிட்டது. யாராலும் மறுக்க முடியவில்லை. செய்தது அவரவர் கை.

அதன்பிறகு ஜனங்கள் பெட்டிக்கு முன்னால் நடிக்கத் தொடங்கினார்கள். மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளிலும் அவர் அறையில் விசிறி சுற்றியது.

"ஆளே இல்லாத ரூமுல யாருக்குட்டி ஓடுது?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"பெட்டி பாக்கணும்லக்கா! இப்பமே கீழேருந்து ஆறாவது எடத்துக்கு வந்துட்டாங்க."

வெற்றுக் கட்டில்களுக்கு மேல் தெரு முழுக்க விசிறிகள் சுழன்றன. மகன் வெளியூரில் இருக்க, அவன் மேசை விளக்கு பகலெல்லாம் எரிந்தது. ஐந்து மணிக்குள் பெட்டிகள் காலியாயின. அடுத்த மார்கழி மூட்டத்தில் இரண்டாம் நாளே தெருவிலுள்ள பெட்டிகளெல்லாம் படுத்துவிட்டன. பாக்கியசெல்வியின் மாமியார் அப்போது வரிசையில் முதலிடத்தில் இருந்தார். பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு அவரே விசிறிக்கொண்டார்.

அந்தத் தெருவில் ஒரு பெட்டியில் மட்டும் சார்ஜ் இருந்தது. ஜெனிட்டா நாலு மணிக்கு வாசிப்பதை விட்டிருந்தாள். அந்த நேரத்தில் மாடியில் நடப்பாள்.

வருட முடிவில் பேச்சிமுத்து மறுபடி வந்தார்.

"ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. அண்ணன் பேர எடுத்திரலாம்."

"எடுத்தா?"

"அவரு கைப்பதிவு எல்லாம் அழிஞ்சிரும். உங்க கையப் பாத்து பெட்டி புதுசாப் படிச்சிக்கிடும்."

"அவரு அணைச்சது, போட்டது எல்லாமுமா?"

"எல்லாமும்தான். எடுக்கலன்னா, ஆளு வெளியூரு போயிருக்காருன்னு நெனச்சி, திரும்பி வந்தா அவரு பங்குன்னு நாலுல ஒரு பங்கு சார்ஜ ஒதுக்கியே வச்சிருக்கும். யாருக்கும் ஒதவாது. வீண்தானக்கா?"

அவள் படிவத்தை வாங்கினாள். மேசையில் வைத்து, ஓரத்தை நகத்தால் நீவினாள். பிறகு மடித்து அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"அடுத்த வருசம் பாப்போம், தம்பி. காப்பி குடிக்கேளா?"

அதற்குப் பிறகு பேச்சிமுத்து மூன்று தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியின் திரையில், வீட்டில் உள்ளோர் என்ற இடத்தில், இருவர் என்றே இருக்கிறது.