குசினி யன்னல்

வேலை முடிந்து படியேறும்போதே பக்கத்து வீட்டு லுத்பியாவின் சிரிப்பு கேட்டது. குசினி யன்னலில் நின்று ரஜனியோடு ரகசியம் கதைக்கும்போது மட்டும் வருகிற சிரிப்பு அது. ரஜனியோ இன்னும் படியில் நிற்கிறாள்.

வெள்ளவத்தை ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருவரின் குசினிகளுக்கும் நடுவே காற்றுக்கு விட்ட குழிதான் இடைவெளி. கீழே குழாய் சொட்டும், யார் வீட்டுக் கருவாட்டு வாசமோ ஏறிவரும், அந்த அரையிருட்டில் சமைத்துக்கொண்டே யன்னலுக்கு யன்னல் நின்றுதான் ஒரு வருடமாக இருவரும் மனம்விட்டுக் கதைத்தார்கள். புருஷன் தனஞ்சயனுக்கும் சொல்லாததை ரஜனி அங்கேதான் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன், தண்ணீர் கேட்டு மாமி, தனஞ்சயனின் அம்மா, கூப்பிட்ட கடைசி இரவில், அவள் முழித்துக்கொண்டே படுத்திருந்தாள். எழும்பவில்லை. விடியும்போது மாமி இல்லை.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க" என்று கெஞ்சியும் இருந்தாள்.

அப்படி உயிரையே எடுத்துக் கொடுத்தவளை விட்டுவிட்டு, இந்த லுத்பியா இப்போது யாரோடு குசுகுசுக்கிறாள்? ரஜனி கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் பேச்சு நின்றுவிடும். கேட்டால் "ஒருத்தருமில்ல" என்பாள். மூன்று நாளாக இதே பதில். மேல்மாடிக்குப் புதிதாக வந்த நிம்றாதான், வேறு யார்?

நாலாம் நாள் தன் வீட்டைத் திறக்காமல் நேரே லுத்பியாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். மழை இருட்டு. லைட் போடவில்லை. லுத்பியா யன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரது லுத்பியா? என்னை விட உங்களுக்கு யார்?"

லுத்பியா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"கோவிக்காதீங்க ரஜனி. உங்கட வீட்டுல மாமிட அக்காதானே வந்து நிக்கிறாங்க. தான் வந்ததை உங்களுக்குச் செல்ல வேணாமெண்டாங்க. கடைசி ராவில தங்கச்சி எப்படி மௌத்தான எண்டு கேட்டுக் கேட்டு ஒரே அழுகை. மனசு பொறுக்கல்ல. அந்த ராவுக் கதையைச் செல்லிட்டன்."

மாமி ஒரே பிள்ளை. அக்கா இல்லை. யாருமே இல்லை.

எதிரே, ரஜனியின் குசினி இருட்டுக்குள், நரைத்த தலை ஒன்று மெல்லத் திரும்பியது. அதற்கப்பால் கதவில் சாவி போடும் சத்தம். தனஞ்சயன்.

லைட் எரிந்தது.

"அம்மா?"

அவன் பயப்படவில்லை. கிட்ட வந்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்து காதைக் கொடுத்தான். கேட்டான். கேட்டுக்கொண்டே நின்றான்.

பிறகு இருவரும் நிமிர்ந்து ரஜனியைப் பார்த்தார்கள்.