இரண்டு சிறுமிகளைக் காணவில்லை

மதியம் 12.40. நகர ஓவியக் காட்சியகத்தின் நாலாம் அறைச் சுவரில் இரண்டு கொக்கிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் மாட்டியிருந்தது உள்ளங்கை அகலப் படம். அதில் ஒரு சிறுமி இன்னொருத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பாள். அது போன இடம் தெரியவில்லை.

கதவுகளைச் சாத்தினார்கள். அதுவரை கலையை ரசித்தவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

1.15. இன்ஸ்பெக்டர் வந்தார். ஜலதோஷம் தீராத ஆசாமி. உள்ளே மாட்டிக்கொண்ட அத்தனை பேரையும் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாகிவிட்டது. பைகளைக் காலையிலேயே வாசல் கவுன்ட்டரில் வாங்கி வைத்துவிட்டார்கள். ஜன்னல்கள் திறக்காது.

"யார் மேல சந்தேகம்?"

அறைக் காவலாளி சுவரோரம் கைகாட்டினார். "அந்தம்மா மேலதான் சார். அரைமணி நேரமா அங்கயே சிலை மாதிரி நின்னாங்க. பக்கத்து ரூம்ல ஒருத்தர் ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுத்தாரு, தடுக்கப் போனேன். திரும்பி வந்தா ஆளும் இல்ல, படமும் இல்ல."

வெளியூரிலிருந்து காலை ரயிலில் வந்த தம்பதி. மனைவி வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காட்சியகம் இரவல் தரும் மடக்கு ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கியபடி கணவன் பக்கத்தில் நின்றான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீங்க எடுத்தீங்களாம்மா?"

"இல்ல."

"பொய் சொன்னா ஜெயிலுக்குப் போகணும்."

"போனாப் போறேன்." குரலில் கோபம்கூட இல்லை.

கணவன் குறுக்கிட்டான். "அவளை விட்ருங்க சார். கூடப் பொறந்த தங்கச்சி தவறிப்போய் ஆறு மாசமாச்சு. அன்னையிலேர்ந்து இப்படித்தான். அழல, சிரிக்கல. ஒரு மாறுதலா இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

"ஸ்டூல் யாருக்கு?"

"அவளுக்குத்தான். கால் வலிக்கும்னு வாங்கினேன்."

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சிந்திவிட்டுக் காவலாளியிடம் திரும்பினார். "ஸ்டூலைச் சோதிச்சீங்களா?"

"அது நம்ம பொருளாச்சே சார்?"

"அதான் வசதியாப் போச்சு. ஸ்டூலைத் திருப்பி வாங்குற இடம் சோதனை வாசலைத் தாண்டித்தானே இருக்கு?" இன்ஸ்பெக்டர் கணவனைப் பார்த்தார். "கால் வலிக்கும்னு வாங்கினது உங்க கக்கத்துல இருக்கு. உங்க சம்சாரம் தரையில உக்காந்திருக்காங்க. கொஞ்சம் விரிங்க பாப்போம்."

அவன் அசையவில்லை. இன்ஸ்பெக்டரே வாங்கி விரித்தார். ஸ்டூலின் கித்தான் துணி மடிப்பிலிருந்து படம் தரையில் விழுந்தது.

"எடுத்தது நீங்க. ஸ்டூலைத் திருப்பிக் குடுக்கும்போது உருவிக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கீங்க. விரிச்சா விழுந்துடும், அதனால அவங்களை உக்கார வைக்க முடியல."

கணவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆறு மாசத்துல அவ ஒண்ணை நின்னு பாத்தது இன்னிக்குத்தான் சார். தங்கச்சிக்கு இவதான் சடை பின்னிவிடுவா. வீட்டுல மாட்டி வச்சா என்னிக்காவது வாய்விட்டு அழுதுடுவான்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் படத்தை எடுத்து அவள் முன் நீட்டினார். "உங்களுக்காகத்தாம்மா செஞ்சிருக்காரு."

அவள் அதை முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் படத்தைப் பாக்கலைங்க. அங்க மட்டும்தான் ஏசி காத்து வந்துச்சு. அதான் நின்னேன்."